ஓரத்துக்குப் போகாத நண்டு

நான் தொட்டால் ஓடும். நீங்கள் தொட்டால் நின்றுவிடும். அது என்ன?

அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் பயிற்சி. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருக்க முடியும். பாடம் கொஞ்சம், கைவேலை அதிகம். ஆளுக்கு ஒரு விளையாட்டைச் சொந்தமாக எழுத வேண்டும். கடைசி நாள் மாலை எல்லார் முன்னாலும் அதைக் காட்ட வேண்டும்.

நன்றாகச் செய்த ஒருவருக்கு மட்டும் மதுரையில் நடக்கும் பெரிய பயிற்சியில் இடம்.

அந்த இடம் பெனிட்டாவுக்கு வேண்டும். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மதுரை இல்லையென்றால் கீபோர்டில் மறுபடி எப்போது கைவைப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசி நாள் காலை அவள் ஆசிரியை ரஹீமாவிடம் ஓடி வந்தாள்.

“மிஸ், ஜெரோமை என் பக்கத்துல விடாதீங்க.”

“என்ன செஞ்சான்?”

“தண்ணி குடிக்கப் போனேன். அதுக்குள்ள என் நண்டைக் கொன்னுட்டான்.”

ஜெரோம் பின்னாலேயே வந்து நின்றான்.

“நான் சும்மா அமுக்குனேன் மிஸ். அதுவா செத்துப்போச்சு.”

“நீ தொட்டா ஃபேனே நின்னுரும். போ லே!”

“வாங்க, பார்ப்போம்” என்றார் ரஹீமா.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ரஹீமா கைதட்டினால் எல்லாரும் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் விளையாட்டை ஆட வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

கைதட்டும்போது பெனிட்டா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. “இன்னும் முடியல மிஸ்” என்பாள். உண்மைதான், முடியவில்லை. அலைகளுக்கு நடுவே ஒரு நண்டு ஓடிப் பாறையைச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அவள் சூரியன் வைத்தாள். பிறகு பாட்டு வைத்தாள். நண்டுக்குத் தொப்பி வைத்தாள். தொப்பி பிடிக்காமல் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“நீ ஆடு” என்றார் ரஹீமா.

பெனிட்டா ஆடினாள். விரல்கள் பறந்தன. நண்டு ஓர் அலைக்குக்கூடச் சிக்காமல் பாறையில் ஏறியது.

“பார்த்தீங்களா மிஸ்? நல்லாத்தானே ஓடுது.”

“இடது ஓரத்துக்கு ஏன் போகல?”

“அங்க போகக் கூடாது மிஸ்.”

“அப்படின்னு எங்க எழுதியிருக்கு?”

“எங்கயும் எழுதல. எனக்குத் தெரியும்.”

ரஹீமா ஜெரோமைக் கூப்பிட்டு அவள் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பெனிட்டா, உன் கை எங்க?”

“இதோ மிஸ்.”

“அதும்மேல உட்காரு.”

பெனிட்டா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். ஜெரோம் அமுக்கத் தொடங்கினான். அவள் முழங்கால் தானாக ஆடியது. நாற்காலி கிறீச் கிறீச் என்றது.

நண்டு இடப்பக்கம் நகர்ந்தது.

“அங்க வேண்டாம் லே!”

ரஹீமா உதட்டில் விரலை வைத்தார்.

நண்டு ஓரத்தைத் தாண்டி வெளியே போனது. வெளியே போன நண்டு என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமில் ஒரு வரிகூட இல்லை. அலைகள் அப்படியே நின்றன. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லச் சொல்ல ஆடியிருந்தா செத்திருக்காது மிஸ்.”

“அப்போ ஆடுறவங்க வீட்டுக்கெல்லாம் நீயும் கூடவே போயிரு. சாப்பாடு போடுவாங்களான்னு மட்டும் கேட்டுக்கோ.”

“எங்க வீட்ல இன்னைக்கு மீன் குழம்பு” என்றான் ஜெரோம்.

பெனிட்டா சிரிக்கவில்லை.

“சாயங்காலம் யார் ஆடிக் காட்டணும்னு நாங்கதானே மிஸ் சொல்லணும்?”

“ஆமா. அவங்கவங்கதான் சொல்லணும்.”

“அப்போ நானே ஆடிக்கிறேன்.”

“சரி” என்று சொல்லிவிட்டு ரஹீமா அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

பெனிட்டா கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். வானத்தில் ஒரு நட்சத்திரம் வைக்கலாம் என்று நினைத்தாள். பகலில் எப்படி நட்சத்திரம் வரும் என்று விட்டுவிட்டாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சுற்றிலும் கீபோர்டுகள் படபடத்தன.

பிறகு ஒரு வரி எழுதினாள். ஓரம் வந்தால் நண்டு அங்கேயே நிற்க வேண்டும் என்ற வரி.

நண்டை இடப்பக்கம் ஓட்டினாள். ஓரத்தில் நின்றது. மறுபடி ஓட்டினாள். நின்றது. அலைகள் வந்துகொண்டே இருந்தன.

“மிஸ்! சரியாயிருச்சு!”

ரஹீமா வந்து பார்த்தார்.

“இனிமே எங்கயும் சாகாதா?”

பெனிட்டா வாய் திறந்தாள். ஜெரோமைப் பார்த்தாள். அவன் யாருடைய கீபோர்டிலோ உள்ளங்கையை வைத்து எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான்.

“தெரியல மிஸ்.”

ரஹீமா தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தார்.

மாலையில் பெற்றோர்கள் வந்தார்கள். மதுரைப் பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் விளையாட்டைத் தாங்களே ஆடிக் காட்டினார்கள். எதுவும் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நல்ல கைதட்டல்.

பெனிட்டாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெரிய திரையில் நண்டு தொப்பியோடு நின்றது. பாட்டுத் தொடங்கியது.

“யாரும்மா ஆடப்போறது?” என்று கேட்டார் மதுரைக்காரர்.

பெனிட்டா முதலில் கீபோர்டைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். ஜெரோம் கைகளைக் கட்டிக்கொண்டு, வம்பே வேண்டாம் என்பதுபோல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெனிட்டா ஜெரோமைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலியில் தன் இரண்டு கைகளின் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள்.