பெருமார்பன் பார்த்த காற்று

ஆவாரங்குளத்துக் காட்டில் பெருமார்பன் என்றொரு காட்டெருது இருந்தது. அதற்கு ஒரு பதவி உண்டு. காற்றுப் பார்ப்பது!

விடிந்ததும் குளக்கரைப் பாறையில் ஏறி நிற்கும். ஒரே ஒரு மூச்சு இழுக்கும். காற்று நன்றாக இருந்தால் முக்காரம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் தாய்கள் குட்டிகளைக் குளத்துப் பள்ளத்துக்கு விளையாட அனுப்பும். பள்ளத்துப் புல் இளசு. பல் தேய்ந்த கிழட்டு மிருகங்களும் அங்கேதான் மேயும்.

இந்த வேலைக்குப் பெருமார்பனை ஏன் பிடித்தார்கள்? காட்டிலேயே பெரிய மார்பு அதனுடையது. மூச்சு இழுப்பதில் அதை யார் மிஞ்ச முடியும்? நாட்டில் எப்படியோ, காட்டின் தர்க்கம் இதுதான்.

ஒரு மழைக்காலத்தில் கொசு பெருகிவிட்டது. அப்போது நெளிவாலன் என்ற நரி வந்து சேர்ந்தது.

"பெருமார்பண்ணே! பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் கொட்டிய குப்பை கனன்றுகொண்டே கிடக்கிறது. பழைய டயர்களும் குவிந்திருக்கின்றன. நான் ஒவ்வொன்றாக உருட்டி நெருப்பில் தள்ளுகிறேன். புகையைப் பார்த்துக் கொசு ஓடிவிடும்!"

"இதில் உனக்கு என்ன லாபம்?"

"சேவைதான் அண்ணே!" என்று நரி காதுகளைத் தாழ்த்திக்கொண்டது.

புகை வந்தது. கொசு போனது. எத்தனையோ காலமாக ஓயாமல் ஆடிய பெருமார்பனின் வால் முதன்முதலாக ஓய்வாகத் தொங்கியது. அந்தச் சுகத்தில் அதற்கு நரியின்மேல் தனிப் பிரியம் உண்டாகிவிட்டது.

விடியற்காலைப் பனியில் புகை மேலே எழும்பவில்லை. கம்பளிபோலப் பள்ளத்தைப் போர்த்திக்கொண்டது. பாறைமேலோ குளத்துக் காற்று சிலுசிலுவென்று வீசியது. பெருமார்பன் மூச்சு இழுத்தது. "அருமை!" என்று முக்காரம் போட்டது.

கொஞ்ச நாளில் பள்ளத்தில் இருமல் கேட்கத் தொடங்கியது. பெருமார்பனின் கன்றுக்குட்டி பொட்டுகூட இருமியது.

"குளத்தில் ஆட்டம் போட்டாய், சளி பிடித்துவிட்டது!" என்று பெருமார்பன் அதட்டியது.

கவைக்கொம்பன் என்ற கிழட்டுக் கடமான் நாலடி நடந்து உட்கார்ந்தது. எழுந்து நாலடி நடந்து மறுபடி உட்கார்ந்தது.

"உங்களுக்கு வயசாகிவிட்டது பெரியவரே!" என்றது பெருமார்பன்.

"போன மாதமும் எனக்கு இதே வயசுதான் தம்பி. அப்போது மேடு ஏறினேனே!"

"காற்றில் குற்றமில்லை. நானே மூச்சு இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை!"

"உனக்கு எப்படிச் செய்யும்? உன் நெஞ்சுக்குள் நான் குடும்பத்தோடு குடியிருக்கலாம்!" என்றது கடமான். சிரிக்கப் போய் அதற்கு இருமல் வந்துவிட்டது.

ஆக, சின்னது இருமினால் சேட்டை, பெரிசு இருமினால் வயசு. புகைமேல் பழி விழவே வழியில்லை!

பெருமார்பனின் மனைவி செவ்வந்திக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவை பள்ளத்தில் இறங்கித்தான் பாருங்களேன்!" என்றது.

"காற்றுப் பார்ப்பதற்கென்று பாறை இருக்கிறது. கண்ட இடத்தில் நின்று பார்த்தால் பதவிக்கு என்ன மரியாதை?"

மறுநாள் காலையும் முக்காரம் கேட்டது. தட்டானைத் துரத்திக்கொண்டு பொட்டு பள்ளத்துக்குள் ஓடியது.

சற்று நேரத்தில் கீழேயிருந்து செவ்வந்தி அலறியது. "ஐயோ! பொட்டு விழுந்துவிட்டாள்! எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்!"

பெருமார்பன் பாறையிலிருந்து பாய்ந்து இறங்கியது. கன்றைத் தூக்கி நிறுத்தத் தலையைப் புல்வரை தாழ்த்தியது. பதறிப்போய் மூச்சு இழுத்தது. தொண்டையில் முள்ளை வைத்து இழுத்ததுபோல இருந்தது. கண்களில் நீர் கொட்டியது. பெரிய மார்பல்லவா? புகையும் பெரிய அளவிலேயே உள்ளே போனது!

பொட்டின் விலா தவளையின் தொண்டைபோல் படபடவென்று அடித்துக்கொண்டது. பெருமார்பன் நெற்றியால் முட்டி முட்டிக் கன்றை மேட்டில் ஏற்றியது. வழியில்தான் நரியைப் பார்த்தது.

நரி புகைக்கு எதிர்ப்புறத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. வளைகளிலிருந்து எலிகள் தள்ளாடி வெளியே வந்து, ஒவ்வொன்றாக அதன் வாயெதிரே சுருண்டு விழுந்தன. ஓடிப் பிடிக்கிற வேலையே இல்லை!

"சேவையா நெளிவாலா? அந்த எலிகளுக்கு என்ன, வயசாகிவிட்டதா?" என்று பெருமார்பன் இருமலுக்கு நடுவே கேட்டது.

"அ... அதுகள் சேட்டைக்கார எலிகள் அண்ணே!"

பெருமார்பன் கொம்பைத் தாழ்த்தியது. அவ்வளவுதான், பக்கத்துக் காட்டு எல்லைவரை நரி திரும்பியே பார்க்கவில்லை.

பாறைமேல் காற்று பட்டதும் பொட்டு மெல்லக் கண் திறந்தது. நாலைந்து மூச்சு நிதானமாக விட்டது.

"அப்பா, இங்கே காற்று நன்றாக இருக்கிறதே! இதைத்தான் தினமும் எங்களுக்காகப் பார்த்தீர்களா?" என்று கேட்டது.

பெருமார்பன் பொட்டைச் செவ்வந்தியிடம் விட்டது. நேரே குளத்தில் இறங்கியது. சேற்றை வாரி வாரி நெருப்பின்மேல் எறிந்தது. மற்ற மிருகங்களும் சேர்ந்துகொண்டன. சாயங்காலத்துக்குள் புகை அடங்கியது. கொசு திரும்பி வந்தது. வாலுக்கும் பழையபடி வேலை வந்தது.

பெருமார்பன் இப்போதும் காற்றுப் பார்க்கிறது. ஆனால் பாறையில் ஏறுவதில்லை. பள்ளத்தில் இறங்கி, முன்னங்கால்களை மடக்கி, பொட்டின் மூக்கு உயரத்தில் மூக்கை வைத்துப் பார்க்கிறது. பிறகு கடமானிடம் போய், "இன்றைக்கு மூச்சு எப்படி இருக்கிறது பெரியவரே?" என்று கேட்கிறது. கவைக்கொம்பன் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் முழங்கால் வலியைப் பற்றி ஒன்பது வார்த்தையும் சொல்லும். அதையும் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகே முக்காரம் போடுகிறது. அதனால் இப்போதெல்லாம் ஆவாரங்குளத்தில் முக்காரம் சற்றுத் தாமதமாகவே கேட்கிறது.

காற்று நல்லதா கெட்டதா என்பதைப் பலசாலியின் மார்பை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. குழந்தையும் முதியவரும் விடும் மூச்சை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.