வெறும் வில்லை

செண்பகவடிவு லேபிலிருந்து ஓடி வந்த வேகத்தில் துப்பட்டா ஆசிரியர் அறைக் கதவில் மாட்டிக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு.

"மேடம்! கிடைச்சிருச்சு மேடம்!"

நுண்ணுயிரியல் பேராசிரியை ஜோதிபாய் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி கிருமி படர்ந்திருந்தது. நடுவில் பொட்டளவுக் காகித வில்லை. அதைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம். அங்கே கிருமி ஒன்றுகூட வளரவில்லை.

"தேரிக்காட்டுச் செம்மண்ணு மேடம். ஸ்பிரிட்ல ஊறவெச்சு வடிகட்டி, அதுல வில்லையை முக்கி வெச்சேன். புது மருந்து மேடம் இது!"

மறுநாள் பல்கலைக்கழக ஆய்வு விழா. தேர்வாகும் ஒரே மாணவருக்கு வெளிநாட்டு ஆய்வகத்தில் ஆறு மாதம். அறிவியல் கல்லூரியே அந்தப் பேச்சாகத்தான் கிடந்தது. செண்பகவடிவு பெட்டி வாங்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி மனசு விமானம் ஏறிவிட்டது.

"வெறும் ஸ்பிரிட்ல முக்கின வில்லை வெச்சுப் பாத்தியா?"

"அது எதுக்கு மேடம்? வட்டம்தான் கண்ணுக்கு முன்னாடி இருக்கே!"

"ஸ்பிரிட்டும் கிருமியைக் கொல்லும்."

"துளியூண்டு ஸ்பிரிட் மேடம். இது மண்ணோட வேலைதான்."

"காய வெச்சியா வில்லையை?"

"அதெல்லாம் காய்ஞ்சிருக்கும் மேடம். மண்ணுதான். எனக்கு நல்லாத் தெரியும்."

ஜோதிபாய் வாதாடவில்லை. எழுந்து லேபுக்குப் போனார். புதிய தட்டில் அதே கிருமியைத் தடவினார். புது வில்லையை வெறும் ஸ்பிரிட்டில் முக்கி, ஈரத்தோடு நடுவில் வைத்து மூடினார்.

"காலையில பாரு" என்றார்.

செண்பகவடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை இருக்கிறதா இந்த மேடத்துக்கு?

காலையில் முதல் ஆளாக வந்து திறந்து பார்த்தாள். வெறும் வில்லையைச் சுற்றியும் பளிச்சென்று ஒரு வட்டம். ஸ்கேல் வைத்து அளந்தாள். அதே அளவு. ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தும் அளந்தாள்.

அய்யோ என்று இருந்தது. போஸ்டர் வேறு அச்சாகி வந்துவிட்டது. 'தேரி மண்ணில் புதிய மருந்து' என்று கொட்டை எழுத்தில்.

அந்த நேரம் பார்த்து ஜோதிபாய் சாக்பீஸோடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"மேடம், எந்தத் தட்டை எடுத்துட்டுப் போக?"

"உன் ஆய்வு. நீதான் எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

செண்பகவடிவு தன் மண் தட்டை மட்டும் எடுத்தாள். வாசல்வரை போனாள். சனியன் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்தாள்.

மதியம். ஆசிரியர் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"மேடம்! லேப் சாவி! சீக்கிரம்!"

"விழா என்னாச்சு?"

"ரெண்டு தட்டையும் காட்டினேன். வட்டம் ஸ்பிரிட்டாலயும் வந்திருக்கலாம், நான் சரிபாக்கலைன்னு சொன்னேன். அரங்கமே சிரிச்சுது. வாய்ப்பு இயற்பியல் சுலைமானுக்குப் போயிருச்சு. சாவி மேடம்!"

"அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?"

"நடுவர்ல ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கல மேடம். ஸ்பிரிட் பூரா ஆவியான பிறகு வில்லையை வெச்சா வட்டம் வருமான்னு கேட்டார். தெரியாது சார்னேன். சொல்லும்போதே உடம்பு சிலிர்த்துப்போச்சு! மண்ணுல ஏதாச்சும் இருந்தா அது வில்லையிலயே தங்கியிருக்கும்ல? ஈர வில்லை, காய்ஞ்ச வில்லை, வெறும் வில்லை, எல்லாத்தையும் வெச்சுப் பாக்கணும். வராமலும் போகலாம். ஆனா தெரிஞ்சிரும் மேடம்!"

மூச்சு வாங்கினாள். அப்போதுதான் கண் லேசாகக் கலங்கியது.

"எல்லாரும் ஏதாவது சாதிச்சுட்டு வர்றாங்க. நான்தான் வெறுங்கையோட வந்திருக்கேன்."

ஜோதிபாய் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார்.

"நேத்து பூரா நீ சொன்னதையே சாதிச்சே. இன்னைக்குத்தான் சாதிச்சிருக்கே. இந்தா, ஓடு."