டவராவில் ஆறிய காப்பி

சிரிக்கத்தான் போறீங்க, ஆனா இப்ப இல்லை. இப்போதைக்கு சுகந்தி டீச்சருக்கு வேலை போகிற நேரம்.

"உங்க வகுப்புல பாடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கணுமாம்ல? அப்புறம் வாத்தியார் எதுக்கு? இந்த பீரியட் முழுக்க வாயைத் திறக்காம பாடம் நடத்துங்க, இல்லேன்னா நாளைக்கு வராதீங்க!" என்று உறுமினார் கல்வி அதிகாரி பரமானந்தம்.

டீச்சர் தலையாட்டினார். சைகை காட்டி அதிகாரிக்குச் சுடச்சுடக் காப்பி வரவழைத்தார். அவரும் பிள்ளைகள் முன்னாலேயே டவராவில் ஊற்றி ஆற்றினார்.

"சார், டவராவுல மட்டும் ஏன் சீக்கிரம் சூடு குறையுது?" என்றாள் ஏழாம் வகுப்பு அமுதினி.

"அகலம்மா, அகலம்!"

"அப்ப தட்டுல ஊத்தினா?"

மணி அடித்தபோது அதிகாரி டம்ளர், டவரா, தட்டு மூன்றையும் முன்னால் வைத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நேரம் பார்க்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

"எது முதல்ல ஆறும் சார்?" என்றாள் அமுதினி.

"என்னைக் கேக்காதே! நீங்களே ஊத்திப் பார்த்துக் கண்டுபிடிங்க!"

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. திகைத்துப்போய் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.