பதினொரு பேருக்கு வந்த ராஜ இருமல்

க்ஹூ... க்ஹூ... ஊஊப்!

விளக்கு வைத்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை, அந்தச் சத்தம் கிளம்பிவிட்டது. சங்குக்குள் பூனை மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம். காவல்காரர்கள் ஈட்டியும் கையுமாக அரண்மனைத் தோட்டத்தைத் துழாவினார்கள். கடைசியில் பார்த்தால் அது ராஜாவின் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது!

அந்தக் காலத்தில் வெள்ளாற்றூரை ஆண்ட கடம்பராயர்தான் அந்த ராஜா. முப்பது இட்லி சாப்பிட்டால் ஆரோக்கியம், இருபத்தொன்பது சாப்பிட்டால் நோய். உடம்பைப் பற்றி அவர் படித்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

மந்திரி சபாபதியின் மனைவி வடிவாம்பாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, நாற்பது நாள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். விடிந்தால் பிள்ளைக்குச் சேனை வைக்கும் சடங்கு. அந்த ஊர் வழக்கப்படி மந்திரி வீட்டுப் பிள்ளைக்கு ராஜாதான் வைக்க வேண்டும். கற்கண்டுத் தண்ணீரை விரலில் தொட்டு, இனிக்கிறதா என்று முதலில் தானே நக்கிப் பார்ப்பார். பிறகு அதே விரல் பிள்ளையின் நாக்குக்குப் போகும். ராஜாவின் குணம் பிள்ளைக்கு வருமாம்.

"குணம் வந்தாக்கூடப் பரவாயில்லை. இருமல் வந்தா? ஏங்க, வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"போர் வேண்டாம்னு சொல்லச் சொல்லு, சொல்றேன் வடிவு. சேனை வேண்டாம்னா என் தலை போயிடும்!"

"உங்க தலையைவிட இவன் தொண்டை ரொம்பச் சின்னதுங்க."

மறுநாள் சபை கூடியது. தினமும் போலவே ராஜா செம்பில் பால் குடித்து மீதி வைக்க, பால் ஒத்துக்கொள்ளாத சபாபதியைத் தவிர, பதவி வரிசைப்படி பதினொரு பேர் அதை ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். அது அங்கே பெரிய கௌரவம். முதல் வாய் அரண்மனை வைத்தியர் அகோரப் பண்டிதருக்கு. மந்திரி வீட்டுக்கு எந்தப் பெருமை போனாலும் வயிறு எரிகிற மனுஷர் அவர்.

ராஜா கற்கண்டுத் தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டார். பிள்ளையோடு எதிரே நின்ற வடிவாம்பாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"மகாராஜா, இருமல் நின்ற பிறகு வைத்துக்கொள்ளலாமே?"

"கேட்டீர்களா பிரபு!" பண்டிதர் துள்ளி எழுந்தார். "தங்கள் விரலை அசிங்கம் என்கிறாள்! நோயில் இரண்டே வகை. ராஜ நோய், குடிமக்கள் நோய். ராஜ நோய் ராஜ ரத்தத்தைத் தவிர வேறு யாரையும் தீண்டாது!"

"நான் கேள்விப்பட்டது வேறு, ஐயா. சத்தான சாப்பாடு இல்லாமல் வருவது ஒரு வகை. சாப்பாடு மிஞ்சிப்போய் வருவது ஒரு வகை. பாட்டன் வழியாக வருவதும் உண்டு. இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. உங்கள் மூட்டுவலி எனக்கு வராது. ஆனால் இந்த மாதிரி இருமல் ஆள் விட்டு ஆள் தாவும்."

"இது ராஜ இருமல். தாவாது. என் குடுமி மேல் சத்தியம்!"

"அப்படியானால், இது யாருக்கு வருகிறதோ அவர் உடம்பில் ஓடுவது ராஜ ரத்தம்?"

"சந்தேகமே இல்லை!"

"அவருக்கும் சிம்மாசனத்தில் பங்கு உண்டு?"

பண்டிதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பதில் இல்லை.

"க்ஹூ... க்ஹூ... ஊஊப்!"

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "என்ன பண்டிதரே, எந்த வழியில் நமக்குச் சொந்தம்?"

தளபதி தலைப்பாகையின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தும் இருமல் அடங்கவில்லை. சாமரம் வீசுகிறவன் சாமரத்தையே கடித்தான். மூச்சைப் பிடித்து வைத்திருந்த ஒருவர் பட்டென்று வெடித்து, தூணில் முட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக இரும இரும, ராஜா விரல் மடக்கினார்.

"பதினொரு பேர்! இருப்பது ஒரே நாற்காலி! இவர்களெல்லாம் என் உடன்பிறப்புகளா?"

திரைக்குப் பின்னாலிருந்து ராஜமாதா சீறினார்: "நான் பெற்றது ஒன்றுதான்! அதுவே போதும் போதும் என்று இருக்கிறது!"

"ஒன்று, இவர்கள் எல்லோரும் வாரிசுகள்," என்றாள் வடிவாம்பாள். "இல்லையென்றால், தினமும் ஒரே செம்பில் வாய் வைத்து இருமல் தாவியிருக்கிறது."

"தாவியிருக்கிறது! என் கண்ணாலேயே பார்த்தேன்!" என்று ராஜா கத்தினார்.

கத்தியவர் தன் ஈர விரலைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இவனுக்கும்...?"

"பெரியவர்களுக்கு இது வெறும் இருமல், மகாராஜா. இவனுக்கு அது மூச்சே நின்றுபோகிற விஷயம்."

ராஜா விரலைப் பட்டு வேட்டியில் அழுத்தித் துடைத்தார். கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி நீட்டினார்.

"இப்போது வேண்டாம் மகாராஜா. கழுவிக் காய்ந்த பிறகு அனுப்புங்கள்."

சபையே சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேருக்கு மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு செம்பு என்று உத்தரவானது. அத்தனை செம்பையும் வெந்நீரில் போட்டுத் தேய்க்கும் கௌரவம் பண்டிதருக்கு, முதல் வாய்க்குப் பதிலாக. அது முடிந்ததும் பதினொரு பேரையும் தனித்தனி அறையில் விட்டு வெளியே பூட்டினார்கள்.

பன்னிரண்டாவது இருமலை யார் பூட்டுவது? ராஜாவை அடைத்துவைக்க நாட்டில் யாருக்கும் அதிகாரம் இல்லை. சபாபதி தரையைப் பார்த்தார். காவலன் சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ராஜா தானாக எழுந்து படுக்கையறைக்கு நடந்தார். வாசற்படியில் திரும்பி, "எத்தனை நாள் அம்மா?" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"இருமல் அடங்கி, இனித் தாவாது என்று ஆகும்வரை, மகாராஜா."

கதவு சாத்திக்கொண்டது. வடிவாம்பாள் நகரவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, தூரத்திலேயே நின்றாள். உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் கடகடவென்று, உள்பக்கத்திலிருந்து, தாழ்ப்பாள் விழுந்தது.