ஆவுடையப்பன் செய்த பாட்டுப் பெட்டி

மேலச்சடையனூரில் மூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மூவரில் மூத்தவன் ஆவுடையப்பன். வயது முப்பத்தேழு. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறும் தட்டிப்போயிருந்தது. ஏழாவதாகப் பார்த்த உலகம்மாளை அவனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவினால் இனி ஜென்மத்துக்கும் பெண் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

உலகம்மாளுக்குப் பாட்டு என்றால் உயிர் என்று தரகர் சொன்னார். ஆவுடையப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடி ஓட்டல் ஒன்றில் ஜூக்பாக்ஸ் பார்த்திருப்பதாகவும், காசு போட்டு நம்பரை அமுக்கினால் கேட்ட பாட்டை அது பாடும் என்றும், அதே மாதிரி ஒரு மரப் பெட்டியைத் தன் கையாலேயே செய்யப்போவதாகவும் அளந்துவிட்டான். அதுவரை அவன் செய்திருந்த மரவேலை, வேப்பங்குச்சியை ஒடித்துப் பல் துலக்கியது ஒன்றுதான். பெண் வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். பெட்டி பாடினால் உலகம்மாளுக்குச் சம்மதமாம்.

மைக்செட்டுக்காரரிடம் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கரும் வாங்கியாயிற்று. பலகையும் வந்து இறங்கியது. கொம்பையா ஆசாரி கூட இருந்து சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்து அவர் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஒரு காலை பஸ் படியில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையப்பனின் கூட்டாளிகள் சங்கரபாண்டியும் பிச்சாண்டியும் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஆசாரி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மீறுவதில்லை என்று மூவரும் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

பலகை இரண்டு நாள் வெயிலில் கிடக்க வேண்டும், நிழல் படக்கூடாது என்பது ஆசாரியின் முதல் உத்தரவு. முற்றத்தில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்து நிழல் வந்தது. நகர்த்தினார்கள். கூரை நிழல் வந்தது. தெருவுக்குக் கொண்டுபோனார்கள். வெயில் போகப் போகப் பின்னாலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து, பொழுது சாயும்போது அடுத்த ஊர்க் குளத்தங்கரையில் நின்றார்கள். நாளைக்குச் சூரியன் கிழக்கே அல்லவா வரும் என்று பிச்சாண்டி ஞாபகப்படுத்தியதால் திரும்பி நடந்தார்கள்.

அடுத்து கோடு போடும் வேலை.

"பென்சில் எப்பவும் காதுலயே இருக்கணும், கீழ வச்சா தொலைஞ்சிரும்னு ஆசாரி சொன்னாரு," என்றான் சங்கரபாண்டி.

"அப்போ கோடு எப்படி விழும்?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"காது பலகைக்கிட்ட போனா விழும்."

ஆவுடையப்பன் பலகைமேல் கவிழ்ந்து படுத்துக் காதை அழுத்தினான். மற்ற இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். கோடு விழுந்தது. நடுவில் அவனுக்குத் தும்மல் வந்ததால் அங்கே ஒரு வளைவும் விழுந்தது. இழுத்த வேகத்தில் கோடு பலகையைத் தாண்டி, அடியில் கிடந்த கட்டில்மேலும் ஓடியது.

போட்ட கோட்டை விட்டு இம்மிகூட விலகாமல் அறுக்க வேண்டும் என்பது ஆசாரியின் கட்டளை. விலகாமல் அறுத்தார்கள். கட்டில் இரண்டு துண்டாயிற்று. கல்யாணம் ஆகும் என்ற நம்பிக்கையில் ஆறு பெண்களுக்கு முன்பே வாங்கிய இரட்டைக் கட்டில் அது. ஆவுடையப்பன் இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தான். இனி ஆளுக்கொரு கட்டில் ஆயிற்றே என்று பிச்சாண்டி தேற்றினான்.

வியாழக்கிழமை, முன்பலகையில் காசு போடும் துளையும் நம்பர் எழுதிய தகரப் பொத்தான்களும் வைத்து, பலகைகளைச் சேர்த்துப் பெட்டியைப் பூட்டினார்கள். உள்ளே ஒரு ஆள் இருந்து முட்டுக் கொடுக்க வேண்டும், கடைசி ஆணி இறங்கும்வரை கையை எடுக்கக்கூடாது என்று ஆசாரி சொல்லியிருந்தார். தன் கையால் செய்வதாக வாக்குக் கொடுத்தவன் ஆவுடையப்பன் என்பதால் அவனே உள்ளே போனான். கடைசி ஆணி இறங்கியது. முன்பக்கமும் பக்கவாட்டும் வார்னிஷ் அடித்தார்கள். பின்பலகைக்கு வரும்போது வார்னிஷ் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் மூலையில் கிடந்த ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கரும் பிச்சாண்டியின் கண்ணில் பட்டன.

"ஏல, இது ரெண்டும் வெளிய கிடக்கே. ஆவுடை எங்க?"

இங்கேதான் இருக்கிறேன் என்று பெட்டி சொன்னது.

"பிரிச்சிருவோமா?"

"வார்னிஷ் அடிச்சா மூணு நாளைக்குப் பெட்டியைத் தொடவே கூடாதுன்னு ஆசாரி சொல்லியிருக்காரு," என்றான் சங்கரபாண்டி. பிறகு வெகுநேரம் யோசித்தான். "பாட்டுப் பெட்டின்னா என்னல? உள்ள இருக்கது பாடணும்."

"ஆமா."

"உள்ள இருக்கது யாரு?"

"ஆவுடை."

"அப்போ சரியாத்தான செஞ்சிருக்கோம்."

ஆவுடையப்பனும் உள்ளே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. ஸ்பீக்கருக்கு விட்டிருந்த வட்டத் துளை வழியாகத் தோசையைச் சுருட்டிச் சுருட்டி ஊட்டினார்கள். காசு விழாமல் பெட்டி வாயைத் திறக்கக்கூடாது என்று சங்கரபாண்டி கடைசியாக எச்சரித்தான்.

வெள்ளிக்கிழமை உலகம்மாள் அப்பா பால்வண்ணத்தோடு வந்தாள். காசு போட்டாள். அது ஆவுடையப்பனின் மூக்கில் விழுந்தது. ஏழாம் நம்பரை அமுக்கினாள். பாட்டுப் பட்டியல் பெட்டிக்கு வெளியே ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பவனுக்கு ஏழாவது பாட்டு எதுவென்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் மழை வேண்டிப் பாடிய ஒரே ஒரு பாட்டுதான் அவனுக்குத் தெரியும். அதைப் பாடினான். மூன்றை அமுக்கினாள். அதையே கொஞ்சம் வேகமாகப் பாடினான். எந்த நம்பரை அமுக்கினாலும் தனக்குப் பிடித்த பாட்டே வருகிறதே என்று உலகம்மாள் பூரித்துப்போனாள்.

குரல் கிரீச்சிடுகிறது என்றார் பால்வண்ணம். கிரீச்சிட்டால் எண்ணெய் விடச் சொல்லியிருந்தார் ஆசாரி. சங்கரபாண்டி துளை வழியாக ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினான். அடுத்த பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது.

"பெட்டி சரி. மாப்பிள்ளை எங்க?" என்றார் பால்வண்ணம்.

பெட்டி வேறு, மாப்பிள்ளை வேறு என்று எண்ணிக்கொண்டு சங்கரபாண்டியும் பிச்சாண்டியும் தேடக் கிளம்பினார்கள். கொல்லையில் தேடினார்கள். பரணில் தேடினார்கள். கிணற்றுக்குள்ளும் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். நேற்றிலிருந்தே ஆளைக் காணோம் என்று வருத்தத்தோடு வந்து சொன்னார்கள்.

பால்வண்ணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இப்படிப்பட்ட நாளில் வீடு தங்காதவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்றார். உள்ளே ஆவுடையப்பனுக்கு எண்ணெயும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. ஏழாவது பெண்ணும் வாசலை நோக்கிப் போகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காசு விழவில்லையே. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வாசல்வரை போன உலகம்மாள், ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பி வந்தாள். காசு போட்டு ஒன்பதை அமுக்கினாள். ஆவுடையப்பன் அதே மழைப் பாட்டு மெட்டில், நான் உள்ளேதான் இருக்கிறேன், நீ இல்லாமல் எனக்கு வேறு யாரும் வேண்டாம், போகாதே உலகம்மா என்று பாடினான்.

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து துளை வழியாகப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

"எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள். "ஆனா பெட்டியில ஒரு குறை இருக்கு. ஒன்பதாம் நம்பர் ஜோடிப் பாட்டுன்னு எழுதியிருக்கு. ஒத்தக் குரல்தான் வருது."

சங்கரபாண்டிக்கு அவமானமாகப் போயிற்று. வெகுநேரம் யோசித்து, பின்பலகைக்கு வார்னிஷ் அடிக்கவில்லை, அதைத் தொடலாம் என்று கண்டுபிடித்தான். ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றினார்கள். ஒரு மாடே வெளியே வரும் அளவுக்கு வழி திறந்தது. ஆவுடையப்பன் வெளியே வரவில்லை. நகர்ந்து இடம் விட்டான். உலகம்மாள் சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பலகையை மறுபடி பொருத்தி, ஒரு ஆணி விடாமல் அடித்தார்கள். மாப்பிள்ளை வீடு தங்குகிறவன்தான் என்று கண்ணால் பார்த்துவிட்ட பால்வண்ணமே கடைசி ஆணியைத் தன் கையால் அடித்தார்.

பிறகு அவர் முன்பக்கம் வந்து ஒரு காசைப் போட்டு ஒன்பதை அமுக்கினார். பெட்டி பாடவில்லை. பெட்டியைத் தட்டப் போனார். வார்னிஷைத் தொடக்கூடாது என்று பிச்சாண்டி கையைப் பிடித்துக்கொண்டான். துளையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"நாங்க ரெண்டு பேருல்லாப்பா பாடணும். இன்னொரு காசு போடுங்க."