ஒரு மரக்கால் நெல்லுக்கு ஒரு கை

தீர்ப்புச் சொல்லத் துணிவிருப்பவர்கள் மட்டும் இந்தக் கதைக்குள் வாருங்கள்.

கொற்றங்குடி நாட்டில் அறுவடை முடிந்ததும் தலையாரி வந்து, களத்து நெற்குவியல்மேல் சாணிப்பால் தெளித்துக் குறி போடுவார். அரசரின் பங்கை அளக்கும்வரை, விளைவித்தவரே ஆனாலும் அதில் கை வைக்கக் கூடாது. குறி கலைந்தால், கலைத்தவரின் வலது கையை வெட்டுவார்கள். இத்தனைக்கும் அதே அரசர்தாம் முடிசூடிய நாளில், “குற்றத்தை மிஞ்சிய தண்டனை என் நாட்டில் செல்லாது” என்று சத்தியம் செய்து, மன்றத் தூணில் வெட்டியும் வைத்திருந்தார். தூணில் சாய்ந்துகொள்வார்கள், படிக்கத்தான் ஆளில்லை.

சிலம்பாயியின் நெல்லை அளக்க வேண்டிய அதிகாரி பதினோரு நாளாக வரவில்லை. அவள் வீட்டில் உலை வைக்க வழியில்லை. பன்னிரண்டாம் நாள் பட்டப்பகலில் தன் குவியலிலிருந்து ஒரு மரக்கால் அள்ளினாள். பிடித்துக்கொண்டு போனார்கள்.

வழியில் தலையாரி இருளப்பன் காதோடு சொன்னார்: “தாயி, நேத்துத் தூறல்ல குறி அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடு. நானே சாட்சி.”

“அள்ளினவ நானு, பழி மழைக்கா? வேண்டாம் அண்ணே.”

மன்றத்தில் உண்மையைச் சொன்னாள். அரசர் சிரித்தார். “இன்று என் பிறந்தநாள். மன்னித்தேன், போ.”

கூட்டம் ஆரவாரித்தது. சிலம்பாயி நகரவில்லை. இதே குற்றத்துக்காகச் சிறையில் இன்னும் இருவர் இருந்தார்கள்.

“அவங்களுக்கு மகராசா?”

“அவர்களுக்கு நாளை தண்டனை.”

“நாளைக்கும் உங்களுக்குப் பிறந்தநாள் வருமா?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அரசர் முகம் சிவந்தது. “மன்னிப்பு வேண்டாமென்றால் கை போகும், பெண்ணே!”

மன்றத்தின் ஓரத்தில் வெட்டுக்கட்டை கிடந்தது. சிலம்பாயி போய் அதன்மேல் வலது கையை வைத்தாள். “நான் செஞ்சது குத்தம்தான். தண்டனை குடுங்க. ஆனா ஒரு மரக்கால் நெல்லுக்கு ஒரு கையா? வெட்டறதுன்னா முதல்ல அந்தத் தூண்ல இருக்கற உங்க சத்தியத்தை வெட்டிப் போடுங்க!”

மன்றமே தூணைத் திரும்பிப் பார்த்தது. அரசரும் பார்த்தார். எழுந்து போய், தன் சத்தியத்தை வாய்விட்டுப் படித்தார்.

“கை வெட்டும் தண்டனை செல்லாது. இனி யாருக்குமே செல்லாது. குறி கலைத்தவர்கள் நான்கு நாள் களத்தைக் காவல் காக்கட்டும். வராமல் இருந்த அந்த அதிகாரியும் கூடவே வெயிலில் நிற்கட்டும்!”

சிறைக்கதவு திறந்தது. குலவைச் சத்தத்தில் மன்றம் அதிர, மூவரும் ஆறு கைகளோடு வெளியே வந்தார்கள்.

பொய் சொல்லவும் துணிந்த இருளப்பன், கேட்காமலே மன்னித்த அரசர், கிடைத்த மன்னிப்பை உதறிய சிலம்பாயி. இதில் யார் செய்தது சரி?

விடை: சிலம்பாயி. இருளப்பனின் பொய்யில் இரக்கம் உண்டு. ஆனால் அந்தப் பொய் பலித்திருந்தால் கொடிய சட்டமும் பிழைத்திருக்கும். அரசரின் மன்னிப்போ அவர் மனம் போன போக்கு. சிலம்பாயி கேட்டது இரக்கமல்ல, குற்றத்துக்கு ஏற்ற தண்டனை. குற்றவாளிக்கு என்ன உரிமை என்று முகம் சுளிக்கிறீர்களா? குற்றமே செய்யாதவளைத் தண்டிக்கவே கூடாது. அவளுக்கு இந்த உரிமை எதற்கு? குற்றம் செய்தவளுக்காகத்தானே இது!