பதினான்கு மூங்கில் குச்சிகள்

வேதநாயகிக்கு ஆசிரமமும் கிடையாது, காவியும் கிடையாது. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கடலோரச் சதுப்பில் நடப்பார். நடுவிலுள்ள மணல்மேட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காலையில் திரும்புவார். பின்னால் நடந்து வருகிறவர்கள் சீடர்கள், அவ்வளவுதான்.

அவர்களில் மூத்தவர் சாரங்கபாணி. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. சர்வேயராக இருந்து முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்தவர். ஊரே கூடிக் கத்தினாலும் நட்ட கல்லை அசைக்க விடாத மனுஷர்.

அந்த மாதம் மனைவி ருக்மணியையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. "சேத்துல மாட்டிக்கிட்டா என்னை யாரு தூக்குறது?" என்று மறுத்தவரை, "வழி என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துக் கிளப்பியிருந்தார்.

கரையில் இறங்கும்போது குருவிடம் கேட்டார்.

"அம்மா, நீங்க இல்லாத நாள்ல எனக்கு வழி எப்படித் தெரியும்?"

"இன்னிக்கு நீங்களே முன்னால போங்கய்யா. நான் கடைசியா வர்றேன்."

சாரங்கபாணிக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புத் துணி கட்டிய பதினான்கு மூங்கில் குச்சிகளைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். காய்ந்த, சமமான தரையாகப் பார்த்து, நூல் பிடித்தாற்போல் நூறு தப்படிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போனார். நட்டது நட்டதுதான் என்று வாழ்ந்தவர். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் குருவோடு சேர்த்துப் பதின்மூன்று பேரும் கால் நனையாமல் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ருக்மணியே, "பரவாயில்லையே" என்றார். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

இரவெல்லாம் கடல்காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் மேட்டைச் சுற்றிலும் தண்ணீர். கணுக்கால் அளவுதான், ஆனால் கலங்கல், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சிவப்புத் துணி ஒன்றைக்கூடக் காணோம்.

சாரங்கபாணி குருவிடம் ஓடினார்.

"குச்சியெல்லாம் தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சும்மா."

"இல்லீங்கய்யா. நான்தான் பிடுங்கிட்டு வந்தேன்."

கூடாரக் கம்புகளோடு சேர்த்துக் கட்டியிருந்த கட்டை வேதநாயகி அவிழ்த்தார். பதினான்கும் அதில் இருந்தன.

வந்த கோபத்தில் சீடருக்கு மரியாதை மறந்துபோனது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இவளை நான் எதைப் பார்த்து இறக்குறது?"

"கடைசிக் குச்சி எங்க நட்டீங்க?"

அதை மறப்பாரா? மேட்டு விளிம்பிலிருந்து இருபது தப்படி. விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, அந்த இடத்துக்கு ஓரடி இப்பால் நின்று விரலை நீட்டினார். பின்னாலேயே வந்த வேதநாயகி ஒரு குச்சியைக் கொடுத்தார்.

"குத்திப் பாருங்க."

குத்தினார். சிவப்புத் துணிவரைக்கும் உள்ளே போனது.

அங்கே ருக்மணியின் கால் போயிருந்தால் என்று நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"நேத்து கல்லு மாதிரி இருந்துச்சும்மா."

"ஆமாங்கய்யா. நேத்து இருந்துச்சு."

குரு குச்சிகளைப் பங்கிட்டார். ஆளுக்கு ஒன்று, ருக்மணிக்கு மட்டும் இரண்டு. குத்தினார்கள், கெட்டியாக இருந்தால் காலை வைத்தார்கள், இல்லையென்றால் பக்கத்தில் குத்தினார்கள். நேற்று போன நேர்வழி எங்கேயோ கிடந்தது. இடக்கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, சாரங்கபாணி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார்.

"உங்க சர்வேல இப்படி ஒரு கோடு உண்டா?" என்றார் ருக்மணி.

"பேசாம குத்துடி."

நேற்று முக்கால் மணியில் கடந்த தூரத்துக்கு இன்று இரண்டரை மணி நேரம் ஆனது. கரையேறியதும் ருக்மணி முழங்காலை நீட்டி உட்கார்ந்து, சேறு அப்பிய பாதங்களைப் பார்த்துச் சிரித்தார். சாரங்கபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேத்தண்ணீர் போடக் கிளம்பிவிட்டதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். காலால் தரையை மிதித்துப் பார்த்தார். கையிலிருந்த குச்சியை அங்கேயே ஓங்கி நட்டார்.

"இது இங்கயே இருக்கட்டும்மா. நல்ல கெட்டியான எடம். அடுத்த மாசம் இங்கேர்ந்து இறங்கிக்கலாம்."

வேதநாயகி அதைப் பிடுங்கினார். நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீரில் அலசி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கையிலயே இருக்கட்டுங்கய்யா. வீடு இன்னும் வரலீங்களே."